உயரம் மட்டும் போதுமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

விஷயம் இதுதான். நம் சோழபுரத்துப் பையன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பு முடிக்கப் போகிறான். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். ராஜபாளையத்துக்குப் போய்க் கூடைப்பந்து ஆட ஆரம்பித்து இன்னும் முழுசாக இரண்டு வருஷம் ஆகவில்லை. குறுவட்டப் போட்டியில் அவனைப் பார்த்த வெளியூர்த் தனியார் பள்ளி ஒன்று, “பையனை எங்களிடம் கொடுங்கள். கட்டணம் வேண்டாம், விடுதி இலவசம், சாப்பாடு, ஷூ எல்லாம் எங்கள் பொறுப்பு” என்று கேட்டிருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். பையனின் அப்பா என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர். அம்மா எங்களுக்குச் சொந்தம். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

குடும்பக் குழுவில் இதற்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. தாய்மாமன் சொல்கிறார்: “அத்தை, உயரத்தை யாராலும் சொல்லிக் கொடுக்க முடியாது. மத்ததெல்லாம் பழகிக்கலாம். சாமி கொடுத்ததை வேண்டாம்னு சொல்லாதீங்க.” அப்பத்தா சொல்கிறார்: “பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் என்ன செய்யப் போறாங்க? நெட்டையா நிக்க வைக்கவா?” இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் மாணவர் ஒருவர், “டீச்சர், எங்க ஊர் டல்லாஸ் அணி நம்ம நாட்டுப் பையன் சத்னாம் சிங்கை எடுத்த கதை தெரியுமா? அதைப் படிச்சிட்டுப் பதில் சொல்லுங்க” என்று எழுதினார். படித்தேன். அவரைப் பற்றி ‘ஒன் இன் எ பில்லியன்’ என்று 2016-இல் வந்த ஆவணப்படத்தைப் பேரனை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலிருந்து இன்னொன்று என்று ஒரு வாரம் அதிலேயே போய்விட்டது. நம் பையனின் கேள்விக்கு அதில் பாதிப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனவே முதலில் அந்தக் கதை.

சத்னாம் சிங் பமாரா 1995 டிசம்பரில் பஞ்சாபில் பல்லோ கே என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா பல்பீர் சிங் விவசாயி, அவரும் ஏழடிக்கு மேல். அவருக்கே இளவயதில் கூடைப்பந்து ஆட ஆசை இருந்ததாம். வீட்டில் விடவில்லை, வயல் வேலைக்கு ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அதனால் மகனை விட்டார். சுமார் பத்து வயதில் லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சேர்த்தார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் டாக்டர் எஸ். சுப்பிரமணியன். பஞ்சாபுக் கதையில் இந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்.

2010-இல் ரிலையன்ஸும் ஐ.எம்.ஜி. நிறுவனமும் சேர்ந்து கொடுத்த உதவித்தொகையில், புளோரிடாவில் பிராடென்டன் என்ற ஊரில் இருக்கும் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். வயது 14. ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது. ஐந்து வருஷம் அங்கே இருந்தார். 2015 ஜூன் 25-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த என்.பி.ஏ. டிராஃப்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-ஆவது ஆளாக எடுத்தது. என்.பி.ஏ. அணி ஒன்று இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஒருவரை டிராஃப்டில் எடுத்தது அதுவே முதல் தடவை. அப்போது அவருக்கு வயது 19, உயரம் ஏழடி இரண்டு அங்குலம், எடை 130 கிலோவை ஒட்டி.

டிராஃப்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐ.பி.எல். ஏலம் மாதிரி பணத்தைக் கூட்டிக் கேட்பது கிடையாது. முறை வைத்து எடுப்பது. போன வருஷம் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன் இடம் கிடைக்க அதிக வாய்ப்பு, நன்றாக ஆடிய அணிகள் பின்னால். மொத்தம் 30 அணிகள், இரண்டு சுற்று, 2015-இல் 60 பேர். முதல் சுற்றில் எடுத்தவருக்குச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் எடுத்தவருக்கு அந்த உறுதி கிடையாது. ஒப்பந்தம் கொடுத்தாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள்.

சத்னாமை எடுத்தது சரியா என்று அப்போதே பெரிய வாதம் நடந்திருக்கிறது.

சரி என்றவர்கள் சொன்னது: இவ்வளவு உயரமும் உடம்பும் உள்ள பையன் எங்கே கிடைப்பான்? பெரிய உடம்பாக இருந்தாலும் கை மென்மையானது, பந்தை நன்றாக எறிகிறான். 52-ஆவது இடத்தில் எடுப்பவர்களில் பாதிப் பேர் நிலைப்பதே இல்லை. சரிப்பட்டு வந்தால் லாபம், வராவிட்டால் அணிக்கு நட்டம் இல்லை. இந்தியாவில் பல கோடிப் பேர் கவனிப்பார்கள், அது தனி லாபம்.

தவறு என்றவர்கள் சொன்னது: கால் வேகம் போதாது. கல்லூரியிலும் ஆடவில்லை, வேறு நாட்டில் தொழில்முறை ஆட்டமும் ஆடவில்லை. பள்ளி அளவிலான அகாடமி ஆட்டத்திலிருந்து நேராக உலகின் மிகப் பெரிய ஆட்டத்துக்கு வருகிறான்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டமே அப்போது மாறிக்கொண்டிருந்தது. அந்த டிராஃப்டுக்கு ஒன்பது நாள் முன்புதான் கோல்டன் ஸ்டேட் அணி சாம்பியன் ஆனது. இறுதித் தொடரின் நடுவில் அவர்கள் தங்கள் ஏழடி சென்டர் ஆட்டக்காரரை உட்கார வைத்துவிட்டு, குட்டையான, வேகமான ஆட்களை இறக்கி ஜெயித்தார்கள். சென்டர் என்பவர் வளையத்துக்குப் பக்கத்தில் நின்று தடுப்பவர், மேலே எகிறும் பந்தைப் பிடிப்பவர். எதிரணி எட்ட நின்று மூன்று புள்ளி எறிய ஆரம்பித்தால், அவரும் வெளியே ஓடி வந்து தடுக்க வேண்டும். வேகம் இல்லாதவருக்கு அது கஷ்டம். ஆக, உயரத்துக்கு மதிப்புக் குறைந்து கால் வேகத்துக்கு மதிப்பு ஏறிய வருஷத்தில் சத்னாம் வந்து சேர்ந்தார்.

டல்லாஸுக்குச் சென்டர் தேவைப்பட்டதா? ரொம்பத் தேவைப்பட்டது. டிராஃப்ட் முடிந்த அடுத்த மாதமே அவர்களுடைய சென்டர் டைசன் சாண்ட்லர் வேறு அணிக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த டிஆண்ட்ரே ஜோர்டன் கடைசி நேரத்தில் மனம் மாறிப் பழைய அணியிலேயே தங்கிவிட்டார். இடம் காலி! நம் சத்னாம் கையில் இருக்கிறார்! ஆனால் டல்லாஸ் என்ன செய்தது? சாசா பச்சூலியா என்ற அனுபவசாலியை வேறு அணியிலிருந்து வாங்கியது. சத்னாமை டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற கீழ்நிலை அணியில் விட்டது. அங்கேயும் இரண்டு பருவத்தில் அவருக்கு ஆடக் கிடைத்த நேரம் குறைவு. என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. 2017-இல் திரும்பினார். இந்திய அணிக்கு ஆடினார், கனடாவில் ஒரு பருவம் ஆடினார். 2020-இல் ஊக்கமருந்து விதிமீறலுக்காக இரண்டு ஆண்டுத் தடை வந்தது. இப்போது அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தத்தில் இருக்கிறார்.

இதைப் படித்ததும் தாய்மாமன் கட்சிக்காரர்கள் கோபப்படாதீர்கள். டல்லாஸ் ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. அது ஜெயிக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்த அணி. முந்தைய பருவத்தில் 82 ஆட்டத்தில் 50 ஜெயித்திருந்தது. அவர்களுடைய பெரிய ஆட்டக்காரர் டர்க் நோவிட்ஸ்கிக்கு வயது 37. அவர் ஓய்வு பெறுவதற்குள் இன்னொரு கோப்பை வேண்டும். அவர்களுக்கு வேண்டியிருந்தது அன்றைக்கே ஆடக்கூடிய சென்டர். நாலு வருஷம் கழித்துச் சென்டர் ஆகக்கூடிய பையனுக்கு அங்கே வேலை இல்லை. அணிக்கு ஆள் தேவை, பையனுக்கு இடம் தேவை, மேலோட்டமாகப் பார்த்தால் கச்சிதமான பொருத்தம். காலக்கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சமும் பொருந்தவில்லை.

இதே டல்லாஸ் அந்த டர்க் நோவிட்ஸ்கியை எடுத்த கதையைப் பாருங்கள். அவரும் பக்குவப்படாத பையனாக வந்தவர்தான். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் ஊரில் இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தார். 1998-இல் மில்வாக்கி அணி ஒன்பதாவது ஆளாக எடுத்து அப்படியே டல்லாஸுக்கு மாற்றிக் கொடுத்தது. வயது 20. முதல் பருவத்தில் தடுமாறினார், சராசரி 8.2 புள்ளி. பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். அடுத்த பருவம் 17.5 புள்ளி. அதற்கப்புறம் 2007-இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர், 2011-இல் கோப்பை, 21 பருவமும் ஒரே அணி.

இரண்டு பையன்களுக்கும் என்ன வித்தியாசம்? திறமையிலும் வித்தியாசம் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். டர்க் டிராஃப்டுக்குச் சில மாதம் முன்பு அமெரிக்க இளையோர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 33 புள்ளி எடுத்தவர். அத்தோடு 1998-இல் டல்லாஸ் தோற்றுக்கொண்டே இருந்த அணி. முந்தைய பருவத்தில் 82-இல் ஜெயித்தது 20 மட்டுமே. தடுமாறும் பையனை ஆட்டத்துக்கு இருபது நிமிஷம் ஆட விட்டாலும் அவர்களுக்குப் பெரிதாகப் போவதற்கு ஒன்றும் இல்லை. அந்த இருபது நிமிஷத்தில் அவர் கற்றுக்கொண்டார்.

2013-இல் மில்வாக்கி அணி எடுத்த கிரேக்கப் பையன் யானிஸ் அன்டெட்டகூன்போவின் கதையும் அப்படித்தான். வயது 18, கிரேக்க நாட்டின் இரண்டாம் நிலை லீகில் ஆடியவர், 15-ஆவது இடம். அவர் சேர்ந்த பருவத்தில் மில்வாக்கி ஜெயித்தது 15, தோற்றது 67. ஆனால் பையன் 77 ஆட்டம் ஆடினார். சராசரி ஏழு புள்ளிகூட வரவில்லை. 2019, 2020 இரண்டு வருஷமும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 2021-இல் கோப்பை ஜெயித்த கடைசி ஆட்டத்தில் மட்டும் 50 புள்ளி!

இதற்கு நேர் எதிர்க் கதை, 2003-இல் டெட்ராய்ட் எடுத்த டார்கோ மிலிச்சிச். செர்பியப் பையன், வயது 18, ஏழடி. பழைய பரிமாற்றம் ஒன்றால், நன்றாக ஆடிக்கொண்டிருந்த டெட்ராய்டுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. அவரை எடுத்தார்கள். அவருக்குப் பின்னால் எடுக்கப்பட்டவர்கள் கார்மெலோ ஆண்டனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட். மூன்று பேரும் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். டெட்ராய்ட் 2004-இல் கோப்பையும் ஜெயித்தது. டார்கோ பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோப்பை மோதிரம் கிடைத்தது, ஆட்டம் வரவில்லை. அதற்கப்புறம் ஐந்து அணி மாறியும் சரிப்படவில்லை. இப்போது சொந்த நாட்டில் பழத்தோட்டம் வைத்திருக்கிறார். பழத்தோட்டத்தில் ஒன்றும் குறைவில்லை, நம் ஊர்க்காரர்களுக்கு நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் போனது அதற்காக இல்லை.

கரும்பலகைக்கு ஒரு நாளும் கூப்பிடப்படாத பிள்ளைக்குக் கணக்கு வராது. முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த எனக்கு இது நன்றாகத் தெரியும். முன்னால் வந்து, சாக்பீஸ் பிடித்து, தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட வேண்டும். பந்தும் அப்படித்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிட, சாதாரண வகுப்பில் தினமும் கரும்பலகைக்கு வரும் பிள்ளை கூடுதலாகக் கற்கும். பெரிய அணியில் பெயர் இருப்பது ஒன்று, ஆட்டத்தில் ஆள் இருப்பது வேறு.

இந்த இடத்தில் என் மாணவி ஒருத்தி குறுக்கே கேட்டாள்: “டீச்சர், வைபவ் சூர்யவன்ஷியை 13 வயசுல ராஜஸ்தான் ராயல்ஸ் 1.10 கோடிக்கு எடுத்தாங்களே. 2025-இல் 35 பந்துல சதம் அடிச்சானே. அவனும் சின்னப் பையன்தானே?”

நல்ல கேள்வி. சின்ன வயது வேறு, பக்குவம் இல்லாதது வேறு. அந்தப் பையன் 12 வயதிலேயே பீகாருக்காக ரஞ்சி ஆடியவன். ஏலத்துக்கு முன்பே நம் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய 19 வயதுக்குட்பட்ட அணிக்கு எதிராக 58 பந்தில் சதம் போட்டவன். வயதுதான் சின்னது, ஆட்டம் முற்றியது. நம் அனிதா பால்துரையும் அப்படித்தான். 19 வயதில் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவி ஆனார், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். சின்ன வயதில் தலைவி ஆனார் என்றால், அதற்கு முன்பே தினமும் ஆடித் தேறியிருந்தார் என்று அர்த்தம்.

நம் ராஜபாளையத்து மாந்தோப்புக்காரர்களைக் கேட்டால் சுருக்கமாகச் சொல்வார்கள். காய் என்றால் எல்லாம் ஒன்றல்ல. முற்றிய காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். பிஞ்சைப் பறித்து வைத்தால் வெம்பும். இரண்டும் பச்சையாகத்தான் இருக்கும். பறிக்கிறவன்தான் பார்த்துப் பறிக்க வேண்டும். முற்றிய காயாக இருந்தாலும், வைக்கிற இடமும் சரியாக இருக்க வேண்டும்.

இனி நம் பையன்.

அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் பி.இ.டி. சாரிடம் பேசினேன். அவரும் என் மாணவர்தான். மறைக்காமல் சொன்னார். “டீச்சர், பந்து கைக்கு வந்தா பிடிச்சிருவான், நழுவ விட மாட்டான். சொன்னதைக் கேட்பான். ஒரு தடவை சொன்னா மறுநாள் ஞாபகம் வச்சிருப்பான். ஆனா இடது கை சுத்தமா வராது. திரும்பி ஓடுறதுக்குள்ள எதிரணி போட்டுட்டுப் போயிருவாங்க. ஒரே வருஷத்துல நாலு அங்குலம் வளர்ந்திருக்கான், முட்டி வலிக்குதுங்கிறான்.”

வேகமாக வளரும் வயதில் முட்டிக்குச் சற்றுக் கீழே வலி வருவது உண்டு. பெரும்பாலும் ஆட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் சரியாகும். வலியோடு குதிக்க விட்டால் நீடிக்கும். உயரத்துக்காக எடுத்த பையனை முதலில் குதிக்கத்தான் சொல்வார்கள். இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

என் கணக்குப்படி அவன் முற்றிக்கொண்டிருக்கும் காய். பிஞ்சு இல்லை. இன்னும் ஒரு வருஷம் மரத்தில் இருக்கலாம்.

அவன் அப்பா என்னிடம் ஒன்று சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. “டீச்சர், நான் ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் வேலைக்குப் போறவன். என் பையனைக் காசு வாங்காமப் படிக்க வைக்கிறேன்னு ஒருத்தங்க வந்து சொல்லும்போது, அவங்ககிட்ட கேள்வி கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கு?”

தம்பி, உனக்குத்தான் எல்லாத் தகுதியும் இருக்கிறது. சத்னாம் கதையில் நான் ஞாபகம் வைக்கச் சொன்ன விஷயம் இதுதான். இரண்டாம் சுற்றில் எடுத்தால் அணிக்கு நட்டம் இல்லை என்றார்கள் அல்லவா? அணிக்கு இல்லாத நட்டம் காற்றில் போய்விடாது. பையன் தலையில் வந்து உட்காரும். 19 வயதிலிருந்து 21 வரை இரண்டு வருஷம் போனது டல்லாஸுக்கு அல்ல, சத்னாமுக்கு. அந்தப் பள்ளியும் உன் பையன் சரிப்படாவிட்டால் அடுத்த வருஷம் வேறொரு உயரமான பையனைத் தேடிக்கொள்ளும். உனக்கு இருப்பது ஒரே பையன். இலவசம் என்று சொன்னாலும் அவன் வருஷங்களை நீ கொடுக்கிறாய். கொடுப்பவன் கேள்வி கேட்கலாம்.

என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.

ஒன்று. பையன் எந்த அணியில் ஆடுவான்? 17 வயதுக்குட்பட்ட அணியில் ஏற்கெனவே எத்தனை உயரமான பையன்கள் இருக்கிறார்கள்? மூன்று பேர் இருந்தால் இவன் நான்காவது ஆள். அப்படியென்றால் போட்டிகளில் இவனை இறக்குவார்களா, பெஞ்சா? இரண்டாம் அணி வைத்து அதையும் போட்டிகளுக்கு அனுப்புகிறார்களா?

இரண்டு. தினமும் சொல்லிக் கொடுப்பவர் யார்? முழுநேரப் பயிற்சியாளர் இருக்கிறாரா? வளையத்துக்குக் கீழே நிறுத்தி வைக்காமல், இடது கையும் காலும் பழக்குவார்களா? இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர்கள் எடுத்த உயரமான பையன் இப்போது எங்கே இருக்கிறான்? அந்தப் பையனின் அப்பா நம்பரை வாங்கிப் பேசு. மற்ற எல்லாப் பதிலையும்விட இது முக்கியம்.

மூன்று. முட்டி வலித்தால் என்ன செய்வார்கள்? டாக்டர் வேண்டாம் என்றால் ஆட்டத்திலிருந்து நிறுத்தி வைப்பார்களா? அந்த நேரத்திலும் விடுதியில் இடம் இருக்குமா?

நான்கு. படிப்பு. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, அரசுப் பொதுத்தேர்வு. போட்டிகளுக்கு வெளியூர் போனால் விட்ட பாடத்தை யார் நடத்துவார்கள்? ஆட்டம் சரிப்படவில்லை என்றால் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாமல் வைத்துக்கொள்வார்களா, நடு வருஷத்தில் டி.சி. கொடுத்து அனுப்புவார்களா? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதித் தரச் சொல்.

இந்த நான்குக்கும் நல்ல பதில் வந்தால் இப்போதே அனுப்பு. நான் குறுக்கே நிற்க மாட்டேன். நம் ஊரில் உள்ளதைவிட நல்ல மைதானம், நல்ல சாப்பாடு, நல்ல பயிற்சி அங்கே கிடைக்கலாம். வாய்ப்பைப் பார்த்துப் பயந்து ஒதுங்குவதும் சரியில்லை. சத்னாமின் தாத்தா மகனை விடாமல் வைத்ததும் ஒரு நட்டம்தான்.

பதில் மழுப்பலாக வந்தால், என் யோசனை இது. ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டும். ராஜபாளையத்தில் சாயங்காலம் தினமும் ஆடுகிறான், இறங்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி வரை ஆடுகிறான். இங்கே அவன் இல்லாமல் அணி இல்லை. தப்பு செய்தாலும் சார் உட்கார வைக்க மாட்டார், வேறு ஆள் இல்லையே! இந்த இல்லாமைதான் இப்போது அவனுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. இடது கை பழகட்டும். முட்டி ஆறட்டும். பத்தாம் வகுப்பை நல்லபடியாக முடிக்கட்டும். பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்கும் போகலாம். இதே தனியார் பள்ளியும் வரலாம், வேறு பள்ளியும் வரலாம்.

தாய்மாமன் இதற்கும் பதில் வைத்திருக்கிறார். “அத்தை, ஒரு வருஷம் போனா அவங்க வேற பையனை எடுத்துக்குவாங்க. இந்த இடம் போயிரும்.” போகலாம். அதை மறைத்து நான் யோசனை சொல்லக் கூடாது. இந்த இடம் திரும்பி வராமலே போகலாம், அந்தப் பழி என் மேலும் வரும். தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன் மாப்பிள்ளை. ஒரு பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பொறுக்க முடியாத இடம், அவன் இடது கை பழகும் வரை பொறுக்குமா?

இன்னொரு விஷயமும் நினைவில் இருக்கட்டும். நம் நாட்டில் கூடைப்பந்து ஆடுபவனுக்கு டல்லாஸ் கிடையாது. நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. அதற்கப்புறம் தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கி, போலீஸ் என்று அணி வைத்திருக்கும் இடங்களில் வேலை. மில் தொழிலாளி வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தத் தேர்வுகளில் பார்ப்பது என்ன? எந்தப் பள்ளி விடுதியில் இருந்தாய் என்பதையா? மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்த அளவில் ஆடினாய் என்ற சான்றிதழைத்தான். பெஞ்சில் உட்கார்ந்தவன் பெயரும் சில சமயம் சான்றிதழில் வரும். ஆனால் தேர்வு நாளில் பந்தைக் கையில் கொடுத்து ஆடச் சொல்வார்களே, அன்றைக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

பையனிடமும் பேசினேன். எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறோம், அவனிடம் யாரும் கேட்கவில்லை. “உனக்கு என்னப்பா வேணும்?” என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “மேட்ச் ஆடணும் டீச்சர்” என்றான். பள்ளி பெயரும் சொல்லவில்லை, ஷூவும் கேட்கவில்லை. என் முடிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்களிடம் கேட்கும் உதவி. என் மாணவர்களில் சிலர் விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்களும் உண்டு. கபடி, வாலிபால், தடகளம், எதுவாக இருந்தாலும் சரி. உங்களை எடுத்தபோது என்ன சொன்னார்கள், போன பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். நல்லதும் எழுதுங்கள், கஷ்டமும் எழுதுங்கள். பள்ளி பெயர், ஆள் பெயர் வேண்டாம். பொதுவில் எழுதத் தயங்கினால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பையனின் அப்பாவிடம் நானே படித்துக் காட்டுகிறேன். இந்த வாரத்துக்குள் வந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஷிப்ட் முடிந்து வந்து அந்தப் பள்ளிக்குப் போன் செய்யப் போகிறார். நான்கு கேள்வியையும் அவர் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சோழபுரம்.